மக்களவையில் ஒரு நாள்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் மேடையில் நாடாளுமன்றத்திற்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மேலை மொழிகளில் அம்மன்றத்திற்கு வழங்கும் 'பார்லிமென்ட்' என்னும் பெயரே, 'பேசுதல்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. சொல்லையே கருவியாகக் கொண்டு நாட்டை நடத்தும் இடம் அது. திருவள்ளுவரும் பொருட்பாலில் 'அவை அறிதல்', 'அவை அஞ்சாமை' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருக்கிறார். ஆதலால் அவையைப் பற்றிப் பேசுவது மொழியைப் பற்றிப் பேசுவதற்கு அயலானதன்று.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மலேசிய நாடாளுமன்றத்தின் கீழவையாகிய டேவான் ராக்யாட். நம் நாளேடுகள் அதனை மக்களவை என்றே எழுதுகின்றன.

பெயரில் இருக்கும் உறவு

'டேவான் ராக்யாட்' என்னும் பெயரைத் தமிழ் மாணவர் அயல்மொழித் தொடராகவே மனனம் செய்கிறார். சற்றே நின்று கேட்டால் அதில் பழகிய ஒலிகள் புலப்படும். 'டேவான்' என்பதும் நம் வழக்கிலுள்ள 'திவான்' என்பதும் பாரசீக வழிவந்த ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். 'ராக்யாட்' என்பது அரபு மூலத்தையுடையது; தமிழ்நாட்டு நிலவரி வரலாற்றைப் படித்தவர்கள் அறிந்த 'ரயத்துவாரி' முறையிலுள்ள 'ரயத்து' அதன் உடன்பிறப்பு. மேலவையின் பெயரிலுள்ள 'நெகாரா', 'நகரம்' என்பதோடு உறவுடையது. 'பெர்டானா மெந்திரி' என்பதைப் 'பிரதான மந்திரி' என்று ஒலித்துப் பார்த்தால் விளக்கமே வேண்டியதில்லை.

இவற்றுள் 'ராக்யாட்' என்னும் சொல்லின் பயணம் சிந்திக்கத்தக்கது. அதன் அரபு மூலத்திற்கு, மேய்ப்பவனின் காவலிலுள்ள மந்தை என்பதே பழம்பொருள். பின்னர் அது மன்னனுக்கு அடங்கிய குடிகளைக் குறித்தது. இன்று யாருக்கு அரசாங்கம் விடை சொல்லியாக வேண்டுமோ அவர்களைக் குறிக்கிறது. மேய்க்கப்பட்டவர்கள் கேள்வி கேட்பவர்களாக மாறிய வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

காலை பத்து மணி

கூட்டத்தொடர் நடைபெறும் வாரங்களில் மக்களவை திங்கள் முதல் வியாழன் வரை காலை 10 மணிக்குக் கூடுகிறது. செங்கோல் முன்செல்ல அவைத் தலைவர் நுழைகிறார். உறுப்பினர்கள் எழுந்து நிற்கின்றனர். இறைவேண்டலுக்குப் பின் அலுவல் தொடங்குகிறது. 222 உறுப்பினர்களும் நாட்டின் 222 தொகுதிகளிலிருந்து வந்தவர்கள்.

இங்கே ஒரு மரபைக் கவனிக்க வேண்டும். அவைக்குள் உறுப்பினர் தம் இயற்பெயரால் அழைக்கப்படுவதில்லை. தொகுதியின் பெயராலேயே அழைக்கப்படுகிறார். மூவார் எழுகிறார், ஈப்போ தீமோர் மறுக்கிறார், கோத்தா பெலுட் விளக்கம் கேட்கிறார். பேசுபவர் ஒரு மனிதராயினும் அவை கேட்பது ஓர் ஊரின் குரலை என்பதே அம்மரபின் கருத்து. உறுப்பினர் தகாத சொல்லை உதிர்க்கும்போது அவ்வூரின் பெயரால்தான் அதனை உதிர்க்கிறார் என்பதையும் அம்மரபு நினைவூட்டுகிறது.

நாளின் முதற்பகுதி கேள்வி நேரம். வாய்மொழி விடை வேண்டும் கேள்விகளை உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதித் தந்திருப்பார்கள். அமைச்சரோ துணையமைச்சரோ ஆயத்தம் செய்த விடையை வாசிப்பார். அதுவரை நிகழ்வது பெரும்பாலும் வாசிப்பே. உண்மையான சோதனை அதன்பின் எழும் துணைக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதற்கு எழுதி வைத்த தாள் இல்லை. தம் துறையை அறிந்தவர் யார், கோப்பை மட்டும் அறிந்தவர் யார் என்பது அந்த இரண்டு நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி நேரம் முடிந்தபின் சட்ட மசோதாக்களின் முறை. ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதல் வாசிப்பில் அதன் பெயர் மட்டுமே அறிவிக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படும். அடுத்து அவை முழுவதும் ஒரு குழுவாக மாறி, ஒவ்வொரு பிரிவாக ஆராயும். மூன்றாம் வாசிப்பில் மசோதா நிறைவேறினால் மேலவைக்குச் செல்லும். பின்னர் மாமன்னரின் இசைவைப் பெற்று அரசிதழில் வெளியாகும்.

விவாதத்தின் இடையே அடிக்கடி கேட்கும் மலாய்த் தொடர் ஒன்றுண்டு: 'மிந்தா லாலுவான்'. 'வழி கேட்கிறேன்' என்பது அதன் பொருள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட விரும்பினால் எழுந்து நின்று வழி கேட்க வேண்டும். பேசுபவர் இசைந்து அமர்ந்தால்தான் குறுக்கிடலாம். மறுத்தால் கேட்டவர் அமர வேண்டும். ஆற்றொணாச் சினம் கொண்டவரும் முதலில் வழி கேட்டாக வேண்டும் என்னும் இவ்விதி, அவை நாகரிகத்தின் சாரம். இது மீறப்படும் நாள்களில்தான் மக்களவை செய்தியாகிறது; பேணப்படும் நாள்களில் அது செய்தியாவதில்லை.

பிற்பகலில் இருக்கைகள் பல வெறுமையாகக் கிடப்பதும் உண்மையே. அவை நடப்பதற்குத் தலைவர் நீங்கலாக 26 பேர் இருந்தால் போதும் என்பது விதி. 222 பேருள் 26 பேர் எனின் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனை மறைத்து நாம் குடியியல் கற்பிக்கக் கூடாது. மாணவர் ஒருநாள் பார்வையாளர் மாடத்திலிருந்து அக்காட்சியைக் கண்டால், பாடநூலையும் பாடம் நடத்தியவரையும் ஒருசேர நம்பாமற் போவார்.

இரண்டு வாக்கெடுப்புகள்

எண்ணிக்கை எவ்வளவு பொருளுடையது என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் இரண்டு நாள்களைச் சான்றாகக் காட்டுகிறேன். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 148 பேர், ஆதரிக்க வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று விதி சொல்லவில்லை. மொத்த உறுப்பினர்களில் என்றே சொல்கிறது.

அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், சபா, சரவாக் மாநிலங்களின் தகுதி குறித்த அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவர்கள் 138 பேர். வாக்களிக்காமல் நடுநிலை வகித்தவர்கள் 59 பேர். பத்து வாக்குகள் குறைந்தமையால் திருத்தம் தோற்றது. நடுநிலை என்பது எப்பக்கமும் சாராத நிலை என்று அகராதி சொல்லும். ஆனால் மொத்த எண்ணிக்கை கணக்கிடப்படும் அவையில் நடுநிலையின் விளைவு எதிர்ப்பின் விளைவேயாகும். ஒரு சொல்லின் அகராதிப் பொருளுக்கும் அவைப் பொருளுக்கும் இடையே இத்துணைத் தொலைவு இருக்கிறது.

மூன்று மாதங்கள் கழித்து, ஜூலை 16-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை, அதே அவையில் வேறொரு திருத்தம் வந்தது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைப்பது அதன் நோக்கம். அன்றைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் சைட் சாடிக் அதனை முன்னின்று நடத்தினார். அம்மாத முற்பகுதியில் கொண்டுவந்த மசோதா வாக்களிக்கும் வயதை மட்டுமே தொட்டது. எதிர்க்கட்சியினரோடு பேசியபின் அது விரிவாக்கப்பட்டது: தகுதி வயதை எட்டியோர் தாமாகவே வாக்காளராகப் பதிவு பெறுவர், மக்களவைக்குப் போட்டியிடும் வயதும் 18 ஆகும். வாக்கெடுப்பில் 211 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமிலர். கட்சிக் கொறடாக்களுக்கு அன்று பெரிய வேலை இருந்திராது. 'கொறடா' என்றால் சவுக்கு என்பது பொருள். தம் கட்சியினரை விரட்டிக் கொண்டுவந்து வாக்களிக்கச் செய்பவருக்கு அப்பெயர் ஆகிவந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தார்கள். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். சொந்த நிலமும் மறைக்கல்வியும் வேண்டும். குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சிறுவனை அழைத்தார்கள். அவன் கள்ளமற்றவன் என்பதால் கை தந்தான். கருத்துச் சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. அக்கல்வெட்டைக் குறித்து நாம் பெருமை கொள்ளலாம். அதன் எல்லைகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஓலை எடுக்கும் சிறுவனின் தம்பியர் போட்டியிடவே உரிமை பெற்ற நாள் என்று அந்த ஜூலை 16-ஐச் சொல்லலாம்.

ஒரு நாளின் வாக்கும் நெடுநாள் காத்திருப்பும்

ஆயினும் ஒரு நாளில் நிறைவேறியது மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அதே மாதத்தில் மேலவையும் இசைந்தது. செப்டம்பரில் அரசிதழில் வெளியாயிற்று. அதன்பின் காலம் ஓடியது. 2022 செப்டம்பருக்குப் பின்னரே நடைமுறைப்படுத்த இயலும் என்று 2021 மார்ச் மாதத்தில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். சரவாக்கைச் சேர்ந்த இளைஞர் ஐவர் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பர் 3-ஆம் நாள் கூச்சிங் உயர் நீதிமன்றம், அவ்வாண்டு இறுதிக்குள் வயதுக் குறைப்பை நடைமுறைப்படுத்தும்படி ஆணையிட்டது. 2021 டிசம்பர் 15-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பு நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே சென்றது ஏறத்தாழ இரண்டாண்டு ஐந்து மாதம்.

2019-இல் 18 வயதை எட்டியிருந்த ஒருவர் அக்காலத்திற்குள் 20 வயதைக் கடந்துவிட்டார். அவையில் எழும் கைதட்டல் ஒரு வாக்குறுதி மட்டுமே என்பதையும், அதனை நிறைவேற்றுவிக்கக் குடிமக்கள் விழித்திருக்க வேண்டும் என்பதையும் அந்த ஐவர் நமக்குக் கற்பித்தனர்.

விளைவு பெரிது. 2018 பொதுத்தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 14.9 மில்லியன். 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத்தேர்தலில் 21.1 மில்லியனுக்கும் மேல். இப்போது ஆறாம் படிவத்தில் நம் முன் அமர்ந்திருக்கும் மாணவர் எந்தப் படிவத்தையும் நிரப்பாமலே வாக்காளர் ஆகிவிடுகிறார். உரிமை தேடிப் போகாமலே அவர் கைக்கு வந்துவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மொழி அவருக்கு வந்திருக்கிறதா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

நம் கடமை

மக்களவையின் மொழி தேசிய மொழி. விடுதலைக்கு முன் அரசியலமைப்பை வகுத்த ரீட் ஆணையம், மலாயிலும் ஆங்கிலத்திலும் சரளமில்லாத உறுப்பினர்கள் பத்தாண்டுக் காலத்திற்குச் சீன, இந்திய மொழிகளில் பேச வரையறைக்குட்பட்ட உரிமை தரலாம் என்று 1957-இல் பரிந்துரைத்தது, அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. அண்டை நாடாகிய சிங்கப்பூரின் நாடாளுமன்றத்தில் தமிழில் பேச அரசியலமைப்பே இடமளிக்கிறது. இரு நாட்டு வரலாறும் வெவ்வேறு. நம் உறுப்பினர்கள் தேசிய மொழியில் திறம்பட வாதாடுகின்றனர், அதில் குறையொன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அவையில் பேசப்பட்டதைத் தமிழில் விளங்கிக்கொள்ளவும் தமிழில் விவாதிக்கவும் வேண்டிய சொற்கள் நம் மாணவர் நாவில் இல்லை. 'மசோதா'வுக்கும் 'சட்ட'த்திற்கும், 'தீர்மான'த்திற்கும் 'திருத்த'த்திற்கும், 'நடுநிலை'க்கும் 'எதிர்ப்பு'க்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவர், வீட்டில் பாட்டிக்கு அன்றைய செய்தியை விளக்க இயலாது. பாட்டிக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. மக்களவையின் அன்றாட நடவடிக்கைகள் சொல்லுக்குச் சொல் பதிவாகி, நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அப்பதிவில் கைதட்டலும் சிரிப்பும் எழுந்து நின்றதும்கூட அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டிருக்கும். திங்களுக்கு ஒருமுறை அதில் ஒரேயொரு பக்கத்தை எடுத்து வகுப்பில் தாருங்கள். ஒரு கேள்வி, ஒரு விடை, ஒரு துணைக் கேள்வி போதும். மாணவர் அதனைத் தமிழில் எழுதட்டும். அமைச்சர் கேட்டதற்கு விடை சொன்னாரா, கேளாததற்கு விடை சொன்னாரா என்று கண்டுபிடிக்கட்டும். மொழிபெயர்ப்பும் கருத்துணர்தலும் குடியியலும் ஒரே பாடவேளையில் நடந்தேறும்.

மாணவர்களே, ஒருநாள் நீங்கள் வாக்குச்சாவடியில் நிற்கும்போது உங்கள் ஊரின் பெயரைச் சுமந்து அவைக்குள் செல்பவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர் அங்கே உங்கள் பெயரால் என்ன பேசினார் என்பதைப் படித்தறிந்த பின் அங்கே நில்லுங்கள். வழி கேட்டுப் பேசவும், பிறர் கேட்டால் வழி விடவும் இன்றே வகுப்பறையில் பழகுங்கள்.