வலிக்காத காலுக்கு ஒரு கட்டு



கால் புண் பார்க்கிற டாக்டருக்குப் பொறியியல் பட்டமளிப்பு விழாவில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். உங்கள் துறைக்கும் என் துறைக்கும் நடுவே இப்போது ஒரு பொருள் வந்து நிற்கிறது: ஸ்மார்ட் பேண்டேஜ். அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன். வாழ்த்துவதற்கு மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளி வந்ததும் நாங்கள் ஒரு நைலான் இழையை எடுப்போம். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும் இழை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் பட்டதும் சொல்லுங்கள் என்போம். இழை உள்ளங்காலில் அழுந்தி வளைந்தே நிற்கும். அவர் கண்ணைத் திறக்காமல், "எப்ப வைப்பீங்க டாக்டர்?" என்பார். அந்தக் காலில் முள் ஏறினாலும் தெரியாது, சீழ் கோத்தாலும் தெரியாது. வீட்டில் யாராவது, என்ன இப்படி நாற்றம் அடிக்கிறது என்று கேட்ட பிறகுதான் எங்களிடம் வருவார்.

வந்தபின் கட்டுப் போடுவோம். கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அதைப் பிரித்தாக வேண்டும். காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டர் சலைன் ஊற்றி ஊறவைத்து எவ்வளவு பதமாக இழுத்தாலும், ஓரத்தில் வெளுப்பாகப் படர்ந்துவந்த புதுத்தோல் கொஞ்சம் கூடவே வந்துவிடும். பார்க்காமலும் இருக்க முடியாது. பார்த்தால் ஆறினது கெடும்.

2022-இல் ஸ்டான்ஃபோர்டில் செனான் பாவோ, ஜெஃப்ரி கர்ட்னர் குழுவினர் வெளியிட்ட கட்டு இந்த இடத்தில்தான் கை வைத்தது. அதன் மின்சுற்றின் தடிமன் 100 மைக்ரான். அடியில் ஹைட்ரோஜெல். புண் ஆற ஆற அதன் மின்மறுப்பு கூடும், அழற்சி தணியத் தணிய வெப்பம் குறையும்; இரண்டையும் கட்டு அளந்துகொண்டே இருக்கும். நிலைமை மோசமானால் தானே மின்தூண்டல் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த ஜெல்லை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடி விட்டுவிடும், தோல் உரியாது. இதை யோசித்தவர் டிரஸ்ஸிங் அறையில் ஒருநாளாவது நின்றிருக்க வேண்டும்.

அந்தக் கட்டுப் போட்ட புண்கள் சுமார் 25 சதவீதம் வேகமாக ஆறின. ஆனால் அவை எலிகளின் புண்கள். எலியின் தோல் பெரும்பாலும் சுருங்கி மூடும். நம் தோல் பெரும்பாலும் வளர்ந்துதான் மூட வேண்டும். ஆகவே ஆரவாரம் கொஞ்சம் பொறுக்கட்டும். 2025-இல் கால்டெக்கில் வெய் காவோ குழுவினர் 20 நோயாளிகளின் ஆறாத புண்களில் வேறொரு கட்டைப் போட்டுப் பார்த்தார்கள். புண்ணில் ஊறும் நீரை நுண்குழாய்களில் இழுத்து, அழற்சிக்கு அடையாளமான நைட்ரிக் ஆக்சைடையும் தொற்றுக்கு அடையாளமான ஹைட்ரஜன் பெராக்சைடையும் அது அளந்தது. நோயாளிக்கு அறிகுறி தெரிவதற்கு ஒன்று முதல் மூன்று நாள் முன்பே எச்சரிக்க முடியும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. பிறகு?

இதற்கான பதிலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுவிட்டார். பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளைப் பார்த்தார். அவர்கள் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் அடுப்பிலும் ஆணியிலும் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோயின என்று எடுத்துக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில்லில், பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி செய்யப் பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் சென்சார். அழுத்தம் மிஞ்சினால் ஒலி. நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. ஷாக் வைத்தார்கள். ஒருவர் கழற்ற முடியாத மரையைத் திருகவேண்டி வந்தபோது, ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையை முடித்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அணைக்கிற சுவிட்ச் நோயாளியின் கையில் இருக்கும்வரை அது வலியாகாது என்று உணர்ந்து, பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார்.

உங்கள் கட்டு அனுப்பும் செய்தி யாருடைய போனில் ஒலிக்கப்போகிறது? நோயாளிக்குக் கால் வலிக்கவில்லை. அறுவடை நேரம். போன் பேரன் கையில் இருக்கிறது. அதற்கு அனுப்பிப் பயனில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலருக்கும், அவர் பகுதிச் செவிலியருக்கும் போகட்டும். எண்களாகப் போகக் கூடாது. 'இன்றைக்கே பிரித்துப் பாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி போதும்.

இன்னொன்று. எவ்வளவு புத்திசாலிக் கட்டானாலும் அதை மிதித்து நடந்தால் உள்ளங்கால் புண் ஆறாது. பாரத்தைப் பரப்பிவிட, பிராண்ட் காலத்தில் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். என்கிற மென்ரப்பர் செருப்பை இன்றும் எழுதிக்கொடுக்கிறோம். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுத்தான் நோயாளிகள் அலைகிறார்கள். அந்தச் செருப்பு பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்க வேண்டுமா? கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்றை உங்களில் யாராவது செய்தால், பேண்டேஜுக்கு முன்னால் அதை வாங்க நான் வரிசையில் நிற்பேன்.

எங்கள் டிரஸ்ஸிங் அறை காலை எட்டு மணிக்குத் திறக்கும். சென்சார் செய்ய நினைப்பவர்கள் லேப்டாப் எடுக்காமல் ஒருநாள் வாருங்கள். நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் நிற்கிறவர்களுக்கு, கட்டை எங்கே தொடங்கிப் பிரிக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லித் தருவார்கள்.