சுவர்ப் பூசணமும் தலைவிதியும்
(சுகாதாரக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிட்டால் நம் வீடுகளில் பலருக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரைப்பு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ஏனென்று கேட்டால் ஒருவர் கண்ணேறு என்கிறார். மற்றொருவர் பூர்வஜென்ம வினை என்கிறார். அலமாரியை நகர்த்திப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

அங்கே கருப்பாகப் படர்ந்திருப்பது வெறும் அழுக்கல்ல, பூசணம். ஊறுகாய் ஜாடியில் பூக்கிறதே, அதன் இனந்தான். அது கண்ணுக்குத் தெரியாத விதைத்தூளைக் காற்றில் விடுகின்றது. மூச்சோடு உள்ளே போகும் அத்தூளைச் சிலருடைய உடம்பு பகையென்று எண்ணிப் போராடுகின்றது. அந்தப் போராட்டத்திற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர்.

இது நாம் இட்டுக்கட்டியதல்ல. இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற வைத்தியர் பூசணத் தூளைத் தாமே முகர்ந்து, தொண்டை கம்மி மார்ச்சளி பிடித்ததை 1873-ல் எழுதிவைத்தார். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வசிப்போருக்கு மூச்சு நோயும் ஆஸ்துமாவும் அதிகமென்று உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் சொல்லிற்று.

பூசணம் எல்லோரையும் பாதிக்குமா என்றால், இல்லை. ஒரே அறையில் தகப்பன் சுகமாய்த் தூங்குவான். குழந்தை இரவெல்லாம் இரைக்கும். பூசணம் ஒவ்வாதவர்க்கு இருக்கின்ற ஆஸ்துமாவை அது அதிகப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை. சுகமாயிருந்தவர்க்குப் புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பதற்கு அவ்வளவு உறுதியான ருசு இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுவதே நம் கடமை.

நிற்க, இங்கிலாந்திலுள்ள ராச்டேல் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு தகப்பனார் வாடகை வீட்டுப் பூசணத்தைப்பற்றி 2017-லேயே முறையிட்டார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்குடும்பத்தார் வாழும் விதமே காரணமென்றும் எண்ணினார்கள். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை மூச்சு நோயால் இறந்தது. நெடுநாள் பூசணக் காற்றைச் சுவாசித்ததே காரணமென்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதன்பின் 2023-ல் சட்டம் வந்தது. குழந்தை வந்ததா? அங்கே பழியைக் குடியிருப்போர்மேல் போட்டார்கள். இங்கே தலைவிதியின்மேல் போடுகின்றோம். இரண்டிலும் தப்பித்துக்கொண்டது ஈரச்சுவர்தானே!

சுண்ணாம்பு பூசி மறைப்பதால் பயனில்லை. ஈரமிருந்தால் பூசணம் மறுபடி வரும். சாம்பிராணிப் புகையோ இரைப்பை இன்னும் கூட்டும். ஒழுகும் ஓட்டையும் கசியும் குழாயையும் முதலில் அடையுங்கள். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்துங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து காற்றை விடுங்கள். இரைக்கிறவர்களை வைத்தியரிடம் காட்டுங்கள். வாடகை வீடானால் சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டிக் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆகவே தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் விளக்கை எடுத்துக்கொண்டு, குழந்தை படுக்கும் மூலையை முதலில் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.