பிள்ளையார் பெயர் அறுந்த கதை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற விநாயக சதுர்த்திக்குப் பூசைச் சாமான் வாங்கக் கண்டிப் பட்டணத்துக் கடையொன்றுக்குப் போயிருந்தேன். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பெயருக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டேன். கடைப் பையன் “செல்வ விநாயகர்” என்று கணினியில் ஒழுங்காகவே எழுதினான். வெளியே வந்த சீட்டிலோ “செல்வ வ” என்றிருந்தது. அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி! “தமிழ் நீளம் ஐயா, மெஷின் கொள்ளாது, இங்கிலீசிலே போடட்டுமா?” என்றார் முதலாளி. பழி தமிழின் தலையில் விழுந்தது. அது நியாயமா என்று பார்ப்போம்.

7 என்ற இலக்கத்தை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்திப் பூச்சியம் இட்டால் 70 ஆகிறது, பத்து மடங்கு. கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. ஆதலால் அங்கே ஓரிடம் நகர்ந்தால் இரண்டு மடங்கு. 5 என்பது துவிதத்தில் 101. இடப்பக்கம் நகர்த்தினால் 1010, அதாவது 10. வலப்பக்கம் நகர்த்தினால் பாதி. மிச்சம் வெளியே விழுந்துவிடும். 7ஐ நகர்த்தினால் மூன்றரை வராது, 3தான். ‘சி’ முதலிய கணினி மொழிகளில் இதற்கு இரட்டை அம்புக்குறி போன்ற அடையாளங்கள் உண்டு. பெருக்கல், வகுத்தலுக்குப் பதிலாக இதை எழுதிக் கெட்டித்தனம் காட்டும் இளைஞர் சிலர் உளர். அது வேண்டாத வேலை. பெருக்கல் என்றே எழுதுங்கள். மொழிமாற்றி நிரலே தேவையான இடத்தில் அதை நகர்த்தலாக மாற்றிக்கொள்ளும்.

இதன் மெய்யான பயன் வேறு. பெரிய எண்ணொன்றைத் துண்டுகளாகப் பிரித்து அடைக்கவும், அடைத்ததைத் திரும்ப எடுக்கவுமே இது வேண்டும். நம் எழுத்தே அதற்குச் சான்று. 1991ஆம் ஆண்டு வெளிவந்த யுனிகோட் ஏற்பாட்டில் ‘அ’வுக்கு எண் 2949. ஒரு பைற்று என்பது எட்டு இலக்கம். அதில் 255க்கு மேல் அடங்காது. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூரிஎப்-8 முறை அவ்வெண்ணை மூன்று பைற்றுகளில் வைக்கிறது. 2949ஐ ஆறிடம் வலப்பக்கம் நகர்த்துங்கள். 64ஆல் வகுத்தது போலாகி 46 வரும், வெளியே விழுந்த மிச்சம் 5. 46ஐ மேலும் ஆறிடம் நகர்த்தினால் 0. முதலாவதுடன் 224ஐயும் மற்ற இரண்டுடன் 128ஐயும் சேர்த்தால் 224, 174, 133. இதுவே நமது அகரம்.

சிங்கள அகரத்துக்கும் கணக்கிட்டேன். அதன் எண் 3461; கிடைப்பவை 224, 182, 133. நடுப் பைற்று ஒன்றே வேறு! 1999இல் யுனிகோட்டில் சேர்ந்த அவ்வெழுத்தும் நம்மைப் போல் மூன்று பைற்றே கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கோ ஒன்று போதும்.

இனிப் பற்றுச்சீட்டுக்கு வருவோம். ‘வி’ என்பதில் வகரமும் இகரக் குறியும் கணினிக்கு இரண்டு குறிகள். அவ்வாறு எண்ணினால் “செல்வ விநாயகர்” 13 குறிகள், 39 பைற்று, இடைவெளியுடன் 40. அந்தக் கடை நிரலில் பெயருக்கு விட்ட இடம் 20 பைற்று என்று பையன் பார்த்துச் சொன்னான். சரிபாதி! 20ஆவது பைற்று, ‘வி’யின் இகரக் குறிக்குரிய மூன்றில் முதலாவது. கத்தி அதன் நடுவே விழுந்தது. கேள்விக்குறி அந்தக் காயந்தான்.

வெட்டுமுன் 21ஆவது பைற்றை ஆறிடம் வலப்பக்கம் நகர்த்திப் பார்த்திருக்கலாம். விடை 2 என்றால் அது ஒரு குறியின் தொடர்ச்சி. முதற் பைற்று கிடைக்கும்வரை பின்வாங்க வேண்டும். 174ஐ நகர்த்தினால் 2, 224ஐ நகர்த்தினால் 3. இவ்வளவுதான் சோதனை. இதனால் கேள்விக்குறி நீங்கும், இகரக் குறி திரும்பாது. அதற்கு இடத்தையே கூட்டவேண்டும். ஆங்கிலப் பெயரை மட்டும் மனத்தில் வைத்து 20 என்று போட்டவர் கணக்கிலே பிழையிருக்க, தமிழ் நீளமென்பது என்ன வழக்கு?

அந்தப் பையன் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிப்பவன். கணக்கைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். கண் விரித்துக் கேட்டான். நிரல் எழுதியவர் கொழும்பிலிருக்கிறாராம், அவருக்கு அறிவிப்பதாக முதலாளி சொன்னார். தைப்பொங்கலுக்குச் சர்க்கரை வாங்க அதே கடைக்குத்தான் போக இருக்கிறேன். கோயில் பெயருக்கே சீட்டுக் கேட்பேன்.