கறிக்கோழியின் இரண்டு கணக்குகள்



இறைச்சி உணவு கால்நடைகளையும் சுற்றுச்சூழலையும் என்ன செய்கிறது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆடு, மாடு, பன்றி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதையும் சொன்னதாக இருக்காது. ஆகவே பிராய்லர் கோழியோடு நிறுத்திக்கொள்கிறேன். சைவமா அசைவமா என்ற பட்டிமன்றத்துக்கும் நான் வரவில்லை. அதில் இரண்டு தரப்பும் நன்றாகவே பேசுகிறார்கள். தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 1957-ஆம் ஆண்டு இனம், 1978-ஆம் ஆண்டு இனம், 2005-இல் சந்தையில் இருந்த இனம் ஆகிய மூன்றையும் ஒரே தீவனம் போட்டு ஒரே மாதிரி வளர்த்தார்கள். 56-ஆம் நாள் நிறுத்தபோது முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊசிக்கு அங்கே வேலையே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த இனப்பெருக்கத்தில் வந்த எடை அது.

இந்தக் கோழிகளை இங்கே வளர்ப்பவர்கள் யார்? மழை குறைந்த பல்லடம் வட்டாரத்தில் வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் பலர் கோழிக் கொட்டகைக்கு வந்தார்கள். ஒப்பந்த முறையில் ஒரு நாள் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், தரையில் பரப்பும் தென்னை நார்த்தூள், இரவு பகல் பாடு எல்லாம் விவசாயியுடையவை. கோழி அவருக்குச் சொந்தமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலிதான். நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தாண்டியதும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதை எஃப்.சி.ஆர். என்பார்கள். அந்தப் பக்கத்து டீக்கடையிலும் இந்த மூன்றெழுத்து அடிபடும். ஒன்றரையை ஒட்டி நின்றால் நல்ல கூலி. ஏறினால் கூலியில் கை வைப்பார்கள்.

அந்த எண் இறங்க இறங்கக் கோழிக்கு என்ன ஆகிறது? மார்புச் சதை வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவை உட்கார்ந்தே இருக்கும். ஈரம் ஏறிய நார்த்தூளிலிருந்து கிளம்பும் அம்மோனியா நம் கண்ணைக் கரிக்கும். அதிலேயே உட்கார்ந்திருக்கும் கோழிக்கோ கால் மூட்டுத் தோல் வெந்து கறுத்துப் போயிருக்கும். பிரிட்டனில் 51,000 கோழிகளின் நடையைப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. 40 நாள் வயதில் 27.6 விழுக்காடு கோழிகளுக்கு ஒழுங்கான நடை இல்லை.

அதற்கு முன்பே, 2000-இல் வெளியான பிரிஸ்டல் ஆய்வாளர்களின் சோதனை ஒன்று உண்டு. நொண்டும் கோழிகளுக்கும் நன்றாக நடக்கும் கோழிகளுக்கும் இரண்டு நிறத்தில் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் மட்டும் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி. நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தைத் தேடிக் கூடுதலாகத் தின்றன. நொண்டல் கூடக்கூடத் தின்ற மருந்தின் அளவும் கூடியது. கோழிக்கு வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வதில்லை.

இந்தக் குஞ்சுகளைப் பெற்ற கோழிகளின் பாடு வேறு. உடம்பில் அதே பசிதான். ஆனால் இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து, முட்டை குறைந்து, செத்தும் போகும். அதனால் வளரும் பருவத்தில் தீவனத்தை அளந்து குறைத்தே போடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் வழக்கமும் உண்டு. பிள்ளை வயிறு முட்டத் தின்று நாற்பது நாளில் கறியாக, பெற்றது மாதக்கணக்கில் பசியோடு நிற்கிறது. இந்தத் தொழிலில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இதுவரை சொன்னது கோழி படும் துன்பத்தின் கணக்கு. இனி சூழல் கணக்கு. மனிதச் செயல்களால் வெளியேறும் பசுமை இல்ல வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையுடையது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் கணித்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாட்டினத்தால் வருவது. கோழி அசைபோடுவதில்லை, சீக்கிரம் வளர்கிறது, குறைவாகத் தின்கிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாட்டுக்கறியைவிடப் பல மடங்கு குறைந்த வாயு. மாட்டை விட்டுக் கோழிக்கு மாறுங்கள் என்று மேல்நாடுகளில் சொல்வது இதை வைத்துத்தான். இங்கேதான் இரண்டு கணக்கும் முட்டிக்கொள்கின்றன. எஃப்.சி.ஆர். இறங்கியதால் வாயு குறைந்தது. அதை இறக்கிய வேகமான வளர்ச்சிதான் காலையும் முடக்கியது. தவிர, ஒரு பெரிய மாட்டின் கறிக்கு ஈடுகட்ட நூறு கோழிகளுக்கு மேல் வேண்டும். சூழலுக்கு லாபம் என்று எழுதும் வரியிலேயே துன்பப்படும் உயிர்கள் நூறு மடங்காகின்றன.

கோழியின் சூழல் கணக்கும் அப்படியொன்றும் சுத்தமில்லை. இரண்டு கிலோ கோழிக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மக்காச்சோளமும், அதற்கு மேல் சோயாப் புண்ணாக்கும் இருக்கின்றன. 2021-இல் புண்ணாக்கு விலை எகிறியபோது, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு அனுமதி தந்தது. அந்தச் சோயாவை நம் நிலத்தில் விதைக்க அனுமதி கிடையாது; கோழியின் இரைப்பை வழியாக அன்று வந்தது. தீவனத்தோடு மருந்துக் கணக்கும் உண்டு: வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பண்ணை உயிர்களுக்குப் பயன்படுத்த இங்கே தடை வந்ததே 2019-இல்தான்.

இந்தத் துன்பத்துக்குச் சட்டம் இல்லையா? விலங்கு வதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1960-இல் சட்டம் வந்தது. அடி, உதை, பட்டினி, இட நெருக்கடி எல்லாம் அதில் உண்டு. துன்பம் இனத்திலேயே ஊறியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்று எழுந்திருக்க முடியாது. இன்று எழுந்தாக வேண்டும்.

நெதர்லாந்தின் சூப்பர் மார்க்கெட்டுகள் மெதுவாக வளரும் இனங்களின் பக்கம் திரும்பிவிட்டன. அங்கே அந்தக் கோழிக்குக் குறைந்தது 56 நாள் ஆயுள், கொட்டகையில் கூடுதல் இடம். கோழி நடக்கிறது. தீவனமும் வாயுவும் விலையும் ஏறுகின்றன. நடக்கும் கோழியும் வேண்டும், இப்போது தின்னும் அளவும் குறையக் கூடாது என்றால் கணக்கு உதைக்கும். அளவைக் குறைத்தால் மட்டுமே இரண்டு கணக்கும் நேராகும் என்பது என் கட்சி.

நான் ஒருவன் குறைத்தால் என்ன ஆகிவிடும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பல்லடத்தில் அதற்கு வருடா வருடம் விடை கிடைக்கிறது. புரட்டாசி பிறந்ததும் கறிக்கடையில் கூட்டம் குறையும். பண்ணை விலை சரியும். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்வதில்லை; வீட்டுக்கு வீடு பெருமாளுக்காக விட்டதுதான். முட்டை பொரிய 21 நாள், குஞ்சு வளர நாற்பது நாள். ஆக, புரட்டாசியில் விற்காத கோழியை ஆடி பிறக்கும்போதே பொரிப்பகத்தில் குறைத்திருக்க வேண்டும்.