அரச இலை முதல் மஞ்சாடி வரை: கைவினைக்கு முந்தைய பக்குவம்

உதிர்ந்த இலை, காய்ந்த விதை, பனையோலை, சிப்பி, உடைந்த வளையல் எனக் கைக்கு எட்டுபவற்றைக் கொண்டு சிறு கலைப்பொருட்கள் செய்யும் ஆர்வம் பலருக்கு உண்டு. ஆனால் ஆசையோடு செய்து மாட்டியவை அடுத்த மழைக்காலத்திற்குள் பூஞ்சை பிடித்தும், வண்டு துளைத்தும், ஓரம் சுருண்டும் வீணாகும்போது, குறை தங்கள் கைத்திறனில் இருப்பதாக எண்ணி அவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. ஒட்டுவதற்கும் கோப்பதற்கும் முன்பு பொருளைப் பக்குவப்படுத்த வேண்டும், அதாவது அதிலுள்ள ஈரத்தையும் அழுகும் சதையையும் பூச்சி முட்டைகளையும் நீக்கி நிலைத்திருக்கும் தன்மைக்குக் கொண்டுவர வேண்டும் என்னும் படி விடுபட்டுப்போவதே காரணம்.

இதைக் கற்றுக்கொள்ள அரச இலையே மிகச் சிறந்த தொடக்கம். இலையின் பச்சைச் சதை நீரில் ஊறும்போது பாக்டீரியாக்களால் அழுகிக் கரைகிறது; நரம்புகளிலோ லிக்னின் என்னும், மரத்திற்கு உறுதி தரும் அதே பொருள் செறிந்திருப்பதால், அவை அவ்வளவு எளிதில் அழுகுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திச் சதையை மட்டும் நீக்கி, நுண்ணிய நரம்பு வலையை முழுமையாகப் பிரித்தெடுக்கலாம். தளிரும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். நன்கு முற்றிய, பூச்சி அரிக்காத பச்சை இலைகளைத் தேர்ந்து, ஒரு வாளி நீரில் முழுவதும் மூழ்குமாறு மேலே சிறு கல் வைத்து, இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஊறவிட வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் நாற்றம் குறையும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதால் வாளியை மூடியே வைக்க வேண்டும். விரலால் தடவும்போது சதை வழுக்கிக்கொண்டு வந்தால் இலை பதமாகிவிட்டது என்று பொருள். அப்போது அதைத் தட்டில் நீர் விட்டுக் கிடத்தி, மென்மையான பழைய பல்துலக்கியால் காம்பிலிருந்து நுனி நோக்கி மெல்ல வருட வேண்டும்; அவசரப்பட்டு அழுத்தினால் அரச இலைக்கே உரிய நீண்ட வால்நுனிதான் முதலில் அறுந்துபோகும்.

காத்திருக்க இயலாதவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரில் இலைகளை ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவதும் உண்டு. அதற்கு எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது, ஏனெனில் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. எனினும் ஊறவைத்தெடுத்த வலையில் உள்ள மென்மை கொதிக்கவைத்ததில் அரிதாகவே கிடைக்கிறது. வலையை வெண்மையாக்க விரும்புவோர் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் சில நிமிடங்கள் இட்டு, நல்ல நீரில் பலமுறை அலசலாம். அந்தக் கரைசலோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அலசிய வலையை வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி உலர்த்தினால் அது சுருளாது. அச்சு மை ஒட்டிக்கொள்ளும் என்பதால் செய்தித்தாள் ஆகாது.

ஓலையைக் கையாளும் முறைக்குத் தமிழகத்தில் நெடிய மரபு இருக்கிறது. சுவடிக்கான ஓலைகளை உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, மெருகேற்றிய பின்னரே அவற்றில் எழுத்தாணி பட்டது. ஓலைப்பின்னலுக்குப் பெயர்பெற்ற மணப்பாட்டைப் போன்ற ஊர்களின் கூடைகளையும் பெட்டிகளையும் கண்டு தாமும் முயல விரும்புவோர், இன்னும் விரியாத இளம் ஓலையாகிய குருத்தோலையை வாங்கி, வெயிலில் உலர்த்திக் கீற்றுகளாகக் கிழித்து, பின்னுவதற்குச் சற்று முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடிப்பில் ஓலை வெடிக்காது. தஞ்சாவூரின் நெட்டி வேலைப்பாட்டிற்கும் அடிப்படை இத்தகைய பொறுமைதான். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டை உலர்த்தித் தோலைச் சீவியபின் உள்ளே கிடைக்கும் வெண்ணிறத் தக்கையில் கோயில் உருவங்களைச் செதுக்கும் இந்தக் கலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விதைகளில் அழகும் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. கறுப்புப் பொட்டு வைத்த சிவந்த குன்றிமணியில் ஆப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டியான மேலோடு உடையாதவரை நஞ்சு உள்ளேயே அடங்கியிருந்தாலும், மாலைக்காகத் துளையிடும்போது அந்தக் காப்பு போய்விடுகிறது, துளைப்பவரின் கையிலும் மூச்சிலும் அதன் தூள் படுகிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் குன்றிமணி வேலை வேண்டவே வேண்டாம். பொட்டு இல்லாத, சற்றே பெரிய மஞ்சாடி விதை அதே செந்நிறப் பளபளப்பைத் தருகிறது. எந்த விதையானாலும் நன்கு உலர்த்தி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளிருக்கும் வண்டும் முட்டையும் மடியும்; வெளியே எடுத்தபின் குளிர்ச்சி முழுதும் நீங்கும்வரை பையைத் திறக்காதிருந்தால் விதையின் மேல் நீர் கோக்காது.

பசையைத் தேர்வதில் செய்யப்படும் பிழை எளிதில் தவிர்க்கக்கூடியது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, ஈரத்தை உறிஞ்சும் மரத்திற்கும் இலைக்கும் தாளுக்கும் உகந்தது. உறிஞ்சாத கண்ணாடி, வழவழப்பான கல், சிப்பி ஆகியவற்றிற்கு இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் எபாக்சிப் பசைதான் பிடிக்கும். மைதாப் பசை பூச்சிகளை அழைக்கும். புத்தகம் கட்டுவோர் அதில் மயில்துத்தம் சேர்ப்பது அதற்காகவே, ஆனால் அதுவும் நஞ்சு என்பதால் சிறுவர் கையில் தரலாகாது. முடித்தபின் எல்லாவற்றின் மீதும் வார்னிஷையோ தங்க வண்ணத்தையோ பூசிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது: எந்த நிறத்திற்காகவும் சொரசொரப்பிற்காகவும் ஒரு பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அதுவே அந்தப் பூச்சின் அடியில் மறைந்துவிடுகிறது.

கண்டெடுத்த பொருட்களைக் கொண்டு பெருங்கலை படைத்தவர்களில் சண்டிகரின் நேக் சந்த் தனித்து நிற்கிறார். சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் எச்சங்களையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் சேகரித்துக்கொண்டே இருந்தார். அவற்றிலிருந்து ரகசியமாக எழுப்பிய சிற்பத் தோட்டம் 1976இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வகை பிரித்துச் சேர்த்து வைத்த குவியல் இருந்ததால்தான் ஒரே நிற வளையல் துண்டுகளால் முழு உருவத்தையும் போர்த்த அவரால் முடிந்தது. வீட்டளவில் நான்கு பழைய டப்பாக்களும், எப்போது எங்கே எடுத்தது என்று எழுதிய சீட்டுகளும் இருந்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

சேகரிப்பிற்குச் சட்டத்தின் வரம்பும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளங்களும், சங்கு, சிப்பி இனங்களில் சிலவும் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே ராமேசுவரம், தூத்துக்குடிக் கடற்கரைகளுக்குச் செல்வோர், கரையொதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் அதை எடுக்காமலும், கடைகளில் விற்கப்பட்டால் வாங்காமலும் திரும்புமாறு வேண்டிக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.