பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

(தோட்டச் சமூக மண்டபம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோட்டத்தில் ஒரு சாவு நேர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? அன்று மாலையே இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு லயம் லயமாகச் செல்கின்றனர். ஒரு வீட்டில் இரண்டு வெள்ளி, அடுத்த வீட்டில் ஐந்து வெள்ளி எனப் பெயரும் தொகையும் எழுதப்படுகின்றன. நேற்றுவரை இறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாதிருந்தவரும் அன்று இல்லையென்று சொல்வதில்லை. மறுநாள் பெட்டி வந்துவிடுகிறது, பந்தல் எழும்பிவிடுகிறது. திருமணமென்றால் மொய். மகளின் படிப்புச் செலவுக்கு வழியில்லையென்றால் மாதந்தோறும் பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் கூட்டுப் பணம். வங்கியை அறியாத நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் கணக்குப் பிசகாமல் நடத்தி வந்தனர்.

இவ்வுதவிகளைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அவை ஒரு நாளைக் கடத்த உதவினவே அன்றி, வறுமையின் வேரைத் தொடவில்லை. வேர் எங்கே இருந்தது? மரம் நமதன்று, நிலம் நமதன்று, குடியிருந்த வீடும் நமதன்று. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பமும், தோட்டம் கைமாறிய மறுநாள் அந்நியக் குடும்பமே. இது வெறும் பேச்சாக இல்லாமல் ஒரு காலத்தில் கண்முன் நிகழ்ந்த உண்மையாயிற்று.

1950ஆம் ஆண்டுகளில் இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல விற்பனைக்கு வந்தன. நாடு 1957இல் விடுதலை பெறவிருந்த வேளையில், நாளை என்னாகுமோ என்று அஞ்சிய வெளிநாட்டு முதலாளிமார் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட விரும்பினர். மரங்கள் முதிர்ந்துபோயிருந்த தோட்டங்களில் மறுநடவுச் செலவை ஏற்பதைவிட விற்பதே இலாபமென்று கருதியோரும் இருந்தனர். வாங்கியவர்கள் யார்? தோட்டத்தை மொத்தமாக வாங்கிச் சில ஏக்கர் வீதம் பலருக்குப் பிரித்து விற்ற இடைத்தரகர் குழுக்களே பெரும்பாலும். இதனையே நாம் தோட்டத் துண்டாடல் என்கிறோம்.

துண்டாடல் என்ற சொல்லில் அதன் கொடுமை முழுவதும் தெரிவதில்லை. பெரிய தோட்டமாக இருந்தவரை அதன் உரிமையாளருக்குச் சட்டப்படி சில கடமைகள் இருந்தன. குடியிருப்பு, குடிநீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை ஆகியவை அவற்றுள் அடங்கும். பத்து ஏக்கர் வாங்கிய ஒருவர் இவற்றுள் எதனைச் செய்வார்? எங்கோ பட்டணத்தில் இருந்துகொண்டு குத்தகைக்குப் பால் வெட்டுவிப்பார். லயம் அவருக்குத் தேவையில்லை. வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று, வீட்டோடு பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியும் ஆளற்றுப் போயிற்று. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடல் குறித்துப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் விரிவான ஆய்வும் நடைபெற்றது.

இந்நிலையில் 1960இல் தோன்றியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதன் தோற்றத்திற்குக் காரணராயிருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் மரங்களின் நடுவே வாழ்ந்தவர். அப்பொழுது அவர் அமைச்சர். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று, பெரட்டுக் களத்திலும் கோயில் முற்றத்திலும் நின்று தொழிலாளரிடம் பணம் கேட்டார். கேட்ட தொகை பத்து வெள்ளி. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி முடிக்கலாம் என்பது ஏற்பாடு.

இன்று பத்து வெள்ளிக்கு ஒரு வேளை உணவு கிடைத்தால் பெரிது. அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கோ அது பல நாள் கூலி. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. அத்தகைய வாழ்வில் பத்து வெள்ளியைக் கண்காணாத நிலத்திற்குக் கொடு என்றால், ஐயம் எழுவது இயல்பே. ஏமாற்றப்பட்டுப் பழகியவன் எச்சரிக்கையாய் இருப்பதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. வியப்பு எதுவெனில், அந்த ஐயத்தையும் மீறிப் பலர் கொடுத்தார்கள் என்பதே.

கணக்கைப் பாருங்கள். தனியொருவரின் நூறு வெள்ளிக்கு ஒரு மூலை நிலமும் கிடைக்காது. ஆயிரம் பேரின் நூறு வெள்ளி ஒரு லட்சம் வெள்ளி. பதினாயிரம் பேரெனில் பத்து லட்சம். அத்தொகையை முன்னே வைத்தால் கடன் கொடுப்போரும் காது கொடுத்துக் கேட்பர். கடனைத் தோட்டத்துப் பாலைக் கொண்டே அடைக்கலாம். சாவு வீட்டிற்கு நோட்டுப் புத்தகம் ஏந்திய அதே வழக்கம்தான் இங்கும். வேறுபாடு என்னவெனில், இங்கே கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டும் பங்குரிமையும் வாக்கும் உண்டு. கூட்டுறவின் விதி, பங்கு எத்தனையாயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. கிராணிக்கும் ஒன்று, புல் வெட்டும் அம்மாளுக்கும் ஒன்று.

சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. சம்பந்தன் அவர்கள் 1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய பின்னரும் சங்கப் பணியை விடவில்லை. 1979ஆம் ஆண்டு மே மாதம் மறையும்வரை அதிலேயே ஈடுபட்டிருந்தார். கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

தோட்டம் துண்டாகாமல் முழுமையாக இருந்ததன் பயன் பலருக்கு உடனே விளங்குவதில்லை. ரப்பர்க் கன்று நட்டால் கத்தி வைக்க ஆறு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். ஐந்து ஏக்கர்க்காரர் முழுவதையும் வெட்டி மறுநடவு செய்தால் அந்த ஆறு ஆண்டும் அவர் வீட்டில் அடுப்பெரிய வழியிராது. ஆகவே பட்டை தேய்ந்த மரத்தையே சுரண்டிக்கொண்டிருப்பார். ஆயிரம் ஏக்கர்த் தோட்டமோ ஒரு பகுதியை நட்டுவிட்டு மற்றப் பகுதியில் வெட்டு நடத்தலாம். வேலை நிற்பதில்லை, கூலி நிற்பதில்லை, லயத்தில் விளக்கு அணைவதில்லை. வறுமை ஒழிப்பு என்று பெரிய சொல்லால் கூறுவதெல்லாம் அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரையில் இவ்வளவே: அடுத்த மாதமும் இங்கேயே இருப்போம் என்ற உறுதி.

குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. பங்குச் சான்றிதழில் முதலாளி என்றிருந்தவர், விடியற்காலையில் வாளியோடு பெரட்டில் நின்றபோது கூலியாகவே நின்றார். சங்கம் வாங்கிய தோட்டங்களுக்கு வெளியே வாழ்ந்த உறுப்பினர் பலர். அவர்களுக்குக் கிட்டியது ஆதாயப் பங்கு மட்டுமே. துண்டாடல் வெள்ளத்தில் சங்கம் ஒரு பகுதிக்கே அணை கட்ட முடிந்தது. பின்னர், 1980களிலும் 1990களிலும், நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்குமாக மாறிய காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் சொந்த வீடின்றி வெளியேறின. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. நிலத்தில் பங்கு பெறுவது ஒன்று, தலைக்குமேல் கூரைக்கு உரிமை பெறுவது வேறொன்று என்பதை அக்காலம் நமக்குக் காட்டிற்று. முதலாவதற்கு அன்று பத்து வெள்ளி சேர்த்த அளவுக்கு இரண்டாவதற்கு நாம் முயன்றோமா என்ற கேள்வி எம் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

இறுதியாக, ஒரு காரியத்தைச் சொல்லவே இன்று இங்கு வந்தோம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவராக இருக்கலாம். அவர்கள் தோட்டம் மாறியபோதும், பட்டணம் போனபோதும் தகரப் பெட்டி கூடவே போயிருக்கும். அப்பெட்டியின் அடியில், அடையாளக் கார்டு படியோடும் பழைய நிழற்படங்களோடும், மஞ்சளித்துப்போன ஒரு பங்குச் சான்றிதழ் இருக்கக்கூடும். அதனைக் கழிதாள் என்று எறிந்துவிடாதீர்கள். உறுப்பினர் மறைந்துவிட்டால், மரணச் சான்றிதழ், வாரிசின் அடையாளக் கார்டு, பங்குச் சான்றிதழ் ஆகியவற்றுடன் சங்க அலுவலகத்தை அணுகி விசாரியுங்கள். பங்குச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் கொண்டு கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் உயிரோடிருப்பின், தமக்குப் பின் யாருக்கு என்பதை எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று இன்றிரவே கேளுங்கள். கேட்கக் கூச்சமாயிருக்கும், சாவைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும். பரவாயில்லை, கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நாம் சிறிது நேரம் இம்மண்டபத்து வாயிலில் இருப்போம். சான்றிதழை வீட்டில் வைத்திருப்பவர்கள் எடுத்து வரலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.