வினா தெரிகிறது, படம் தெரியவில்லை!
(பொத்தேரியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையவழித் தேர்வு நமக்குப் புதிதல்ல. 2017-இல் ஸ்வயம் தளம் வந்தது. 2020 அக்டோபரில் நிஷ்தா பயிற்சி தீக்‌ஷா தளம் வழியாக நடந்தபோது, நாமே கைபேசியில் வினாடி வினா எழுதினோம். இப்போது உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் நம் மாணவர்கள் எழுதுகிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. வினா தெரியும், படம் தெரியாது.

"வரைபடத்தைப் பார்த்து விடையளி" என்ற வினாவில் வரைபடமே இல்லையென்றால், மாணவர் ஊகிக்கத்தான் முடியும். நான்கு விடைகளில் ஒன்று தற்செயலாகச் சரியாகலாம். அந்த மதிப்பெண் கற்றலைக் காட்டாது. அதை நம்பிக் குறைதீர் கற்பித்தலுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால், நோய் ஒருவருக்கு, மருந்து வேறொருவருக்கு என்றாகிவிடும்.

படம் வரவில்லை என்று மாணவர் சொன்னதும் எதையும் அழுத்தாதீர்கள். முதலில் பக்கத்துக் கணினியைப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால், கோளாறு இந்தக் கணினியில் இருக்கிறது. எல்லாக் கணினிகளிலும் அதே ஒரு வினாவின் படம் மட்டும் இல்லையென்றால், கோளாறு வினாவில் இருக்கிறது. எல்லாப் படங்களும் எல்லோருக்கும் மெதுவாக வந்தால், இணைய வேகம் போதவில்லை.

கோளாறு கணினியில் என்றால், மாணவர் எழுதிய விடைகள் சேமிக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே பக்கத்தைப் புதுப்பியுங்கள். தேர்வு விதி அனுமதித்தால் வேறு உலாவியில் திறந்து பாருங்கள். திரையின் மூலையில் உள்ள தேதியையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்த பழைய கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். தேதி தவறானால் பாதுகாப்பான இணைய இணைப்புகளை உலாவி ஏற்காது. தேதியைத் திருத்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

கோளாறு வினாவில் என்றால், பெரும்பாலும் அதைத் தயாரித்த நம்மிடம்தான் காரணம் இருக்கும். படத்தைக் கூகுள் டிரைவில் வைத்து இணைப்பை மட்டும் கொடுத்திருப்போம். பார்க்கும் அனுமதியைத் திறந்திருக்க மாட்டோம். நம் கணக்கில் நுழைந்திருப்பதால் நமக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது. ஆகவே படத்தை வினாவிலேயே நேரடியாகச் சேருங்கள். பிறகு உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், யாராகவும் உள்நுழையாமல், ஒருமுறை திறந்து பாருங்கள். சில ஐபோன்கள் எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படங்கள் பல உலாவிகளில் திறப்பதில்லை. ஜேபெக் அல்லது பிஎன்ஜி ஆக மாற்றிச் சேர்ப்பதே நல்லது.

வேகத்துக்கு ஒரு சிறு கணக்கு. கைபேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 10 படங்கள், 20 கணினிகள் என்றால் 800 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அவை இறங்க 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே படங்களை 100 கேபி அளவுக்குச் சுருக்கினால் 16 நொடி போதும்.

படத்துக்கு ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படம் என்றால், "கடலோரத்தில் இரண்டு விமானங்கள் கொண்ட கற்கோயில்" என்று எழுதலாம். பெயரைக் கேட்கும் வினாவில் பெயரை எழுதிவிடக் கூடாது. படம் வராதபோது அந்த வரி உதவும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

எல்லாம் செய்தும் படம் வரவில்லையா? வினா எண், கணினி எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பள்ளித் தேர்வென்றால் அச்சிட்ட படத்தைக் கையில் கொடுங்கள். இல்லையேல் அந்த வினாவை எல்லோருக்கும் நீக்கிவிடுங்கள். வெளித்தளத் தேர்வென்றால் குறிப்பை அன்றே உரியவருக்கு அனுப்புங்கள். பார்க்காத படத்துக்காக எந்தப் பிள்ளையும் மதிப்பெண் இழக்கக் கூடாது.